மேசையின் மேல் என்ன இருக்கிறது: ஸ்பானிய மொழியில் ஓர் அறையைச் சொல்லப் பழகுதல்

ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்குகிற எவருக்கும் முதல் சில பாடங்களுக்குள் ஒரு வகுப்பறைப் படம் வந்துவிடும். கரும்பலகை, மேசை, நாற்காலி, ஜன்னல், கடிகாரம், குப்பைத்தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருப்பார்கள். அடுத்த பக்கத்தில் ஒரு பூனை பெட்டியின் மேலும் கீழும் உள்ளேயும் பின்னாலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கும். எங்கள் வகுப்பில் அந்த இரண்டு பக்கங்களையும் எல்லோரும் விரைவிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். பிறகு ஆசிரியை புத்தகத்தை மூடச் சொல்லி, “இந்த அறையில் என்னென்ன இருக்கின்றன, எது எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்” என்றார். பாதிப் பேருக்கு வாய் எழவில்லை. பெயர்கள் தெரிந்திருந்தன. அவற்றைக் கோத்து வாக்கியமாக்கும் நூல்தான் கையில் இல்லை.

அதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு என்று இப்போது நினைக்கிறேன். நமக்குக் கிடைக்கிற பாடநூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக ஸ்பானியத்தைச் சொல்லித்தருகின்றன. நாமும் தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் மாற்றி, அங்கிருந்து ஸ்பானியத்துக்குப் போகிறோம். மற்றப் பாடங்களில் இந்தச் சுற்றுவழி எப்படியோ, ‘எது எங்கே இருக்கிறது’ என்ற பாடத்தில் இது வீண் அலைச்சல். ஏனென்றால் இருப்பதையும் இடத்தையும் சொல்லும் முறையில் ஸ்பானியம் தமிழுக்குப் பல இடங்களில் நெருக்கமாக நிற்கிறது. நேராகத் தமிழிலிருந்தே போனால் குழப்பத்தில் பெரும்பகுதி தானாகக் கரைந்துவிடும். எங்கே தமிழ் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தமிழ் எழுத்து ‘ப’ ஒன்றை வைத்துக்கொண்டே இரண்டு ஒலிகளைச் சமாளிப்பது. ‘த’, ‘க’ இரண்டும் அப்படித்தான். ஆகவே இங்கே படித்துவிட்டு, ஒலியுடன் கூடிய அகராதி ஒன்றில் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள். ஆனால் தமிழ் நாக்குக்குச் சில சலுகைகளும் உண்டு. ஸ்பானியத்தின் ‘த’ ஒலி பல்லில் நாக்கு படுகிற நம்முடைய த போன்றதே. கதவைக் குறிக்கும் ‘புவெர்த்தா’வை ஆங்கிலப் பழக்கத்தில் ‘புவெர்ட்டா’ என்று சொல்லாமல் இருந்தாலே உச்சரிப்பு பாதி சரியாகிவிடும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே டி (d) எழுத்தாக வரும் த, ‘அது’ என்று நாம் சொல்லும்போது மெலிவதைப் போலவே அங்கும் மெலிகிறது. ‘லாதோ’ என்ற சொல்லைக் கேட்டுப் பாருங்கள். சிறிய என்று பொருள்படும் ‘பெக்கேஞா’வில் வரும் ஞ நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த ஒலி. ஹெச் எழுத்து எழுதப்படும், ஒலிக்காது. வகர எழுத்து பகரமாகவே ஒலிக்கும். ஜன்னல் ‘பென்தானா’தான், ‘வென்தானா’ இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஓர் அறையை விவரிக்க மூன்று வினைகள் போதும்: ‘ஆய்’, ‘எஸ்தா’, ‘எஸ்’. முதலிரண்டையும் தமிழில் ‘இருக்கிறது’ என்றே சொல்வோம் என்பதால் பலரும் இங்கேதான் திணறுகிறார்கள். ஆங்கில விளக்கங்கள் இதற்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கின்றன. தமிழில் பாருங்கள்:

மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது.
புத்தகம் மேசையில் இருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவது, கேட்பவருக்குத் தெரியாத ஒரு புத்தகத்தை அறிமுகம் செய்கிறது. இரண்டாவது, ஏற்கெனவே பேச்சில் இருக்கும் புத்தகம் எங்கே என்று சொல்கிறது. முதலாவது ‘ஆய்’: ‘என் லா மேஸா ஆய் உன் லீப்ரோ.’ இரண்டாவது ‘எஸ்தா’: ‘எல் லீப்ரோ எஸ்தா என் லா மேஸா.’ சொல்வரிசைகூட அப்படியே பொருந்தி வருகிறது. ‘ஆய்’ வாக்கியத்தில் இடத்தைப் பின்னால் போட்டாலும் தவறில்லை. ஆனால் முன்னால் போடுவது நமக்குப் பழகிய நடை, அங்கும் இயல்பானது.

இதை இன்னும் சுருக்கமாகப் பிடிக்க நம் கதைசொல்லும் மரபே ஒரு வழி தருகிறது. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு…’ என்றுதானே தொடங்குவோம்? ‘ஒரு’ வரும் முதல் வாக்கியம் ‘ஆய்’க்கு உரியது. ‘அந்த’ வந்துவிட்ட பிறகு, எங்கே என்று சொல்ல ‘எஸ்தா’. ஸ்பானியத்திலும் பல கதைகள் ‘அபீயா ஊனா பேஸ்’ என்று தொடங்கும். அந்த ‘அபீயா’ நம்முடைய ‘ஆய்’தான், இறந்தகாலத்தில். அறையை விவரிக்கும்போதும் இதே ஓட்டம்: ‘ஆய் ஊனா மேஸா. லா மேஸா எஸ்தா அல் லாதோ தே லா பென்தானா.’ ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘ஊனா’ ஒரு; ‘லா’ அந்த. தமிழில் எல்லா இடத்திலும் ‘அந்த’ போட மாட்டோம் என்பது உண்மை. ஆனால் போட்டால் பொருந்துமா என்று மனத்துக்குள் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை.

இதிலிருந்தே அடுத்த விதியும் வந்துவிடுகிறது. ‘ஆய்’க்குப் பின்னால் ‘எல், லா, லோஸ், லாஸ்’ என்ற ‘அந்த’ வகைச் சொற்கள் வராது. ‘ஒரு’ வரலாம், எண் வரலாம், ‘பல’ வரலாம், வெறும் பன்மையும் வரலாம். கேள்விகளுக்கும் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: ‘என்ன’, ‘எத்தனை’ என்று கேட்டால் ‘ஆய்’. ‘எங்கே’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘எஸ்தா’. மேசையில் என்ன இருக்கிறது? ‘கே ஆய் என் லா மேஸா?’ எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன? ‘குவான்தாஸ் ஸீயாஸ் ஆய்?’ கடிகாரம் எங்கே இருக்கிறது? ‘தோந்தே எஸ்தா எல் ரெலோஹ்?’

பன்மையில் ‘எஸ்தா’ என்பது ‘எஸ்தான்’ ஆகும். ‘இருக்கிறது, இருக்கின்றன’ போல. ‘ஆய்’ மட்டும் அசையாது. ஒரு புத்தகம் என்றாலும் ‘ஆய்’, முப்பது புத்தகங்கள் என்றாலும் ‘ஆய்’. இந்த ஒன்றையாவது எளிதாக வைத்தார்களே என்று அந்த மொழிக்கு நன்றி சொல்லலாம்.

மூன்றாவது வினை ‘எஸ்’. ஸ்பானியம் படிக்கிறவர்களைப் பயமுறுத்தும் பெரிய பூதம் என்று ‘ஸெர்’, ‘எஸ்தார்’ வேறுபாட்டைச் சொல்வார்கள்; ‘எஸ்’, ‘எஸ்தா’ இரண்டின் மூல வடிவங்கள்தான் இவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை என்பதால் அங்கே இது பூதம். தமிழில் இந்தக் கோடு ஓரளவு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ‘இது நாற்காலி’ என்கிறோம், வினையே இல்லை. ‘வகுப்பறை பெரியது’ என்கிறோம். அங்கும் தனி வினை இல்லை. இப்படி ‘இரு’ இல்லாமல் முடியும் இடங்களில் ஸ்பானியத்தில் பெரும்பாலும் ‘எஸ்’ வரும்: ‘எஸ் ஊனா ஸீயா’, ‘எல் அவ்லா எஸ் கிராந்தே’. நாற்காலி இங்கே இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, ஜன்னல் மூடியிருக்கிறது என்று ‘இரு’ நுழையும் இடங்களில் ‘எஸ்தா’: ‘லா புவெர்த்தா எஸ்தா அபியெர்த்தா’, ‘லா பென்தானா எஸ்தா ஸெர்ராதா’. திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒரு நிலை. அதை ‘இரு’ என்ற வினையால் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டவர்கள் இதற்குத் தற்காலிகம், நிரந்தரம் என்று ஒரு விதி சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். ஒரு கட்டடம் நூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்றாலும் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல ‘எஸ்தா’தான்.

எழுத்துத் தமிழில் ‘அல்ல’, ‘இல்லை’ இரண்டையும் பிரித்து எழுதப் பழகியவர்களுக்கு இன்னொரு சலுகையும் கிடைக்கிறது. ‘இது மேசை அல்ல’ என்றால் ‘நோ எஸ் ஊனா மேஸா’. ‘இங்கே மேசை இல்லை’ என்றால் ‘நோ ஆய் மேஸா அக்கீ’. ‘அந்த மேசை இங்கே இல்லை’ என்றால் ‘லா மேஸா நோ எஸ்தா அக்கீ’.

இந்தப் பொருத்தம் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். ‘வகுப்பறை பெரிதாக இருக்கிறது’ என்றும் நாம் சொல்கிறோமே, அங்கே ‘இரு’ வந்துவிட்டதே என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான் வைத்துக்கொண்ட வழி: வாக்கியத்தை ‘பெரியது, சிறியது, பழையது, சிவப்பு’ என்று சுருக்கிப் பார்ப்பது. பொருள் கெடாமல் சுருங்கினால் ‘எஸ்’. ‘கதவு திறந்திருக்கிறது’ என்பதை அப்படிச் சுருக்க முடியாது. நிகழ்ச்சிகள் விஷயத்தில் இன்னொரு விலக்கு உண்டு. ‘வகுப்பு இரண்டாம் அறையில்’ என்று சொல்ல ‘லா க்ளாஸே எஸ் என் எல் அவ்லா தோஸ்’ என்பார்கள். இடத்தைச் சொல்கிறது, ஆனாலும் ‘எஸ்’. ‘இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக ‘நடக்கிறது’ என்று போட முடிந்தால் ‘எஸ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி நடக்காது, கூட்டம் நடக்கும், தேர்வு நடக்கும்.

இட உருபுக்கு வருவோம். ‘மேசையில் பேனா இருக்கிறது’, ‘பையில் பேனா இருக்கிறது’, ‘சுவரில் கடிகாரம் இருக்கிறது’. மூன்றுக்கும் தமிழில் ஒரே ‘இல்’. மேசையின் மேற்பரப்பா, பையின் உட்புறமா, சுவரில் மாட்டியிருப்பதா என்று நாம் பிரிப்பதில்லை; பொருளைக் கொண்டே புரிந்துகொள்கிறோம். ஸ்பானியத்தின் ‘என்’ அதே வேலையைச் செய்கிறது: ‘என் லா மேஸா’, ‘என் லா மொச்சீலா’, ‘என் லா பாரெத்’. ஆங்கிலம் இதற்கு வெவ்வேறு சொற்களைக் கேட்கும். அந்தப் பிரிவினையைச் சுமந்துகொண்டு வந்து ஸ்பானியத்தில் தேடியவர்கள் எங்கள் வகுப்பில் பலர். தேட வேண்டியதில்லை. எதைச் சொல்வது என்று சந்தேகம் வந்தால் ‘என்’ போடுங்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மேலேதான், உள்ளேதான் என்று அழுத்திச் சொல்ல வேண்டியபோது மட்டும் மற்றச் சொற்களுக்குப் போகலாம்.

அந்த மற்றச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிடக் கண்ணாடியில் பார்ப்பது எளிது. ‘நாற்காலி – இன் – கீழே’ என்பதைத் திருப்பிப் போடுங்கள்: கீழே – இன் – நாற்காலி. ‘தெபாஹோ – தே – லா ஸீயா.’ அவ்வளவுதான். ‘தே’ என்ற அந்தச் சிறிய சொல் நம்முடைய ‘இன்’. மேசையின் மேல்: ‘என்ஸீமா தே லா மேஸா’. கதவின் பின்னால்: ‘தெத்ராஸ் தே லா புவெர்த்தா’. பையின் உள்ளே: ‘தென்த்ரோ தே லா மொச்சீலா’. கரும்பலகையின் முன்னால்: ‘தெலான்த்தே தே லா பிஸார்ரா’. நாம் சில இடங்களில் ‘இன்’னுக்குப் பதில் ‘க்கு’ போடுவோம்: ஜன்னலுக்குப் பக்கத்தில், கதவுக்கு அருகில், சுவருக்கு எதிரில். அங்கும் அதே ‘தே’தான்: ‘அல் லாதோ தே’, ‘ஸெர்கா தே’, ‘என்ஃப்ரென்த்தே தே’. ஆரம்பத்தில் எல்லோரும் விழுங்குவது இந்தத் ‘தே’யைத்தான். ‘மேசை மேல்’ என்று தமிழில் உருபை விழுங்கும் பழக்கம் இருப்பதால் நாம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விழுங்குகிறோம். ‘மேசையின் மேல்’ என்று முழுதாக நினைத்துக்கொண்டு திருப்பினால் ‘தே’ தவறாமல் வந்துவிடும்.

‘தே’க்குப் பின்னால் ‘எல்’ வந்தால் இரண்டும் ஒட்டித் ‘தெல்’ ஆகிவிடும்: ‘அல் லாதோ தெல் ரெலோஹ்’. ‘லா’ வந்தால் ஒட்டாது. நம்மிடம் இல்லாத புணர்ச்சியா என்ன. இதைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லை.

‘தே’ வேண்டாத சில சொற்களும் உண்டு. ‘என்’ ஒன்று. மேற்பரப்பில் என்று பொருள்படும் ‘ஸோப்ரே’ ஒன்று. நடுவில் என்று பொருள்படும் ‘என்த்ரே’ ஒன்று: ‘என்த்ரே லா மேஸா இ லா ஸீயா’, மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில். பேச்சில் இருக்கும் பொருள் தெரிந்ததுதான், அதன் பெயரை மறுபடி சொல்லத் தேவையில்லை என்றால் ‘தே’யையும் சேர்த்தே விட்டுவிடலாம். ‘எஸ்தா தென்த்ரோ’: உள்ளே இருக்கிறது. தமிழிலும் அப்படித்தான் சொல்கிறோம்.

மூலை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். அறைக்குள் நின்றுகொண்டு பார்க்கும் உள்மூலை ‘ரின்கோன்’. மேசையின் வெளிமுனையும் தெருமுனையும் ‘எஸ்கீனா’. குப்பைத்தொட்டி ‘என் எல் ரின்கோன்’ இருக்கும். இடுப்பில் இடித்துக்கொள்வது மேசையின் ‘எஸ்கீனா’வில்.

இதுவரை தமிழ் கைகொடுத்தது. இனி கைவிடும் இடம்: பால். நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை. ‘அது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஸ்பானியத்தில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், சுவர் பெண்பால், கூரை ஆண்பால். ஏன் என்று கேட்பதில் பயனில்லை. ‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் செல்லும். ‘எல் லீப்ரோ’, ‘எல் குவதெர்னோ’ (நோட்டு), ‘லா ஸீயா’, ‘லா தீஸா’ (சுண்ணக்கட்டி). ஆனால் வகுப்பறைச் சுவரிலேயே விதியை மீறி ஒன்று தொங்குகிறது: உலகப்படம், ‘எல் மாப்பா’. அதைச் சுட்டிக்காட்டும் கையும் மீறல்தான்: ‘லா மானோ’. மெய்யெழுத்தில் முடியும் சொற்களில் ஊகிப்பது கடினம்: ‘எல் ரெலோஹ்’, ‘எல் லாப்பிஸ்’ (பென்சில்), ‘எல் பாப்பெல்’ (காகிதம்) ஆண்பால், ‘லா லுஸ்’ (வெளிச்சம்), ‘லா பாரெத்’ பெண்பால்.

எல்லாவற்றையும்விடக் குறும்பான சொல் ‘வகுப்பறை’யேதான். ‘அவ்லா’ பெண்பால் சொல். ஆனால் அதற்கு முன்னால் ‘எல்’ வரும். அழுத்தம் விழும் ‘அ’ ஒலியில் தொடங்கும் பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு ஒருமையில் ‘லா’ போட்டால் இரண்டு ‘அ’ மோதிக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு. தண்ணீரைக் குறிக்கும் ‘எல் அக்வா’வும் இப்படித்தான். பால் மட்டும் மாறவில்லை. அடைமொழி வந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்: ‘எல் அவ்லா எஸ்தா பஸீயா’, வகுப்பறை காலியாக இருக்கிறது, ‘பஸீயோ’ என்று ஆண்பாலாக வராது. பன்மையில் ‘லாஸ் அவ்லாஸ்’ என்று பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மாணவியைக் குறிக்கும் ‘அலும்னா’வும் ‘அ’வில்தான் தொடங்குகிறது, ஆனால் அழுத்தம் ‘லும்’ மேல் விழுவதால் ‘லா அலும்னா’. முதல் பாடத்தின் முதல் சொல்லிலேயே இவ்வளவு சிக்கலை வைத்தது யார் என்று தெரியவில்லை. பல பாடநூல்கள் இதை விளக்காமல் ‘எல் அவ்லா’ என்று மட்டும் அச்சிட்டுவிடுவதால், மாணவர்கள் மாதக்கணக்கில் அதை ஆண்பாலாகவே சுமந்து திரிகிறார்கள்.

பாலை நினைவில் நிறுத்த வீட்டுப் பொருள்களில் பெயர்ச்சீட்டு ஒட்டும் பழக்கம் எங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. எனக்கு அது பாதிதான் உதவியது. சீட்டு சில நாள்களில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சுவரோடு சுவராகிவிடும். இரண்டு மாற்றங்கள் செய்த பிறகே பயன் தெரிந்தது. ஒன்று, வெறும் பெயருக்குப் பதில் அடைமொழியும் சேர்த்து எழுதியது: ‘லா பாரெத் ப்ளான்கா’, வெள்ளைச் சுவர், ‘எல் ரெலோஹ் ரெதோந்தோ’, வட்டக் கடிகாரம், ‘லா லுஸ் ப்ளான்கா’, வெள்ளை விளக்கொளி. ‘எல்’லும் ‘லா’வும் மறந்துபோனாலும் ‘ப்ளான்கா’ என்ற வால் நினைவில் நின்று பாலைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது, அசையாத பொருள்களை விட்டுவிட்டு அசையும் பொருள்களுக்கு மாறியது.

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா மகள். அவள் ஸ்பானியம் படிக்கவில்லை. என்னைச் சோதிப்பது மட்டும் அவளுக்குப் பிடிக்கும். ரப்பரை ஏதாவது ஓரிடத்தில் வைத்துவிட்டு, “சித்தி, இப்போது எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்” என்பாள். நான் ஸ்பானியத்தில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொல்ல வேண்டும். பிறகு விளையாட்டைத் திருப்பினோம். அவள் ஒளித்துவைப்பாள், நான் ஊகித்துக் கேட்பேன்: ‘எஸ்தா தெபாஹோ தே லா மேஸா?’ அவள் ‘ஸீ’ அல்லது ‘நோ’ சொல்வாள். ஒரு சின்ன ரப்பரைக் கண்டுபிடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு இடச்சொற்களாவது வாயில் புரண்டுவிடும். பட்டியலைப் படிக்கும்போது வராத வேகம் இதில் வந்தது; கேள்விக்குப் பதில் உடனே கிடைக்கிறது, பதில் கிடைத்தால்தான் அடுத்த கேள்வி கேட்க முடிகிறது என்பது காரணமாக இருக்கலாம். தனியாகப் படிக்கிறவர்கள் காணாமல்போன சாவியைத் தேடும்போது இதைச் செய்து பார்க்கலாம். சாவிக்கு ‘யாபே’ என்று பெயர், எழுதும்போது இரட்டை எல்லில் (llave) தொடங்கும். பழைய அகராதியில் அதைத் தேடினால் எல் எழுத்தின் வரிசை முழுவதும் முடிந்த பிறகு, இரட்டை எல் என்ற தனிப் பகுதியில் இருக்கும். 1994ஆம் ஆண்டு ஸ்பானிய மொழிக் கழகங்கள் கூடி எடுத்த முடிவுக்குப் பிறகுதான் அது சாதாரண வரிசைக்குள் வந்தது. கைக்கு வந்த பழைய அகராதியில் சொல் கிடைக்கவில்லை என்றால் அகராதியைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

வகுப்பில் நடந்த பயிற்சிகளில் மிகவும் பயன்பட்டது படம் வரைதல். இருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஒருவர் கையில் ஓர் அறையின் படம். மற்றவர் கையில் வெற்றுத்தாள். முதலாமவர் சொல்லச் சொல்ல இரண்டாமவர் வரைய வேண்டும். முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சொல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது அப்பட்டமாகத் தெரியும். ஆசிரியர் திருத்தும் சிவப்பு மைக்கு இல்லாத நேர்மை அந்தத் தாளுக்கு உண்டு.

அதில் அதிகம் சண்டை வந்தது வலது, இடதால். ‘ஆ லா இஸ்கியெர்தா தே லா ஸீயா’, நாற்காலியின் இடப்பக்கம். யாருடைய இடம்? நாற்காலியில் உட்காருபவருக்கா, எதிரே நின்று பார்ப்பவருக்கா? ‘தெலான்த்தே’வும் இப்படித்தான். நாற்காலிக்கும் அலமாரிக்கும் சொந்தமாக முன்பக்கம் உண்டு. வட்ட மேசைக்குக் கிடையாது, அங்கே பேசுபவரின் பார்வைதான் முன்பக்கத்தைத் தீர்மானிக்கும். தமிழிலும் இதே குழப்பம் இருக்கிறது, நாம் கையைக் காட்டித் தப்பித்துவிடுகிறோம். முதுகைக் காட்டி உட்கார்ந்தவருக்குக் கை தெரியாது. ஆசிரியை சொன்ன வழி எளிமையானது: விவரிப்பதற்கு முன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள். ‘தெஸ்தே லா புவெர்த்தா’, கதவிலிருந்து பார்த்தால். பிறகு, ‘ஆ லா தெரேச்சா ஆய் ஊனா பென்தானா’, வலப்பக்கம் ஒரு ஜன்னல். ‘அல் ஃபோந்தோ ஆய் ஊனா பிஸார்ரா’, கடைசியில் எதிர்ச்சுவரில் ஒரு பலகை. இந்த ஒரு தொடரைச் சேர்த்த பிறகு படங்கள் ஒத்துப்போகத் தொடங்கின. இன்னொன்று: ‘தெரேச்சா’ வலப்பக்கம், அதன் கடைசி எழுத்து மாறி ‘தெரேச்சோ’ என்று ஆனால் இலத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் ‘நேராக’ என்று பொருள். அறைக்குள் சமாளித்துவிடலாம், தெருவில் வழி கேட்கும்போது இந்த ஓர் எழுத்து வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

சுட்டுச் சொற்களில் ஸ்பானியம் மூன்று தூரம் வைத்திருக்கிறது. பேசுபவருக்கு அருகில் ‘எஸ்தே’, கேட்பவருக்கு அருகில் ‘ஏஸே’, இருவருக்கும் தொலைவில் ‘அக்கேல்’. ஆங்கிலத்தில் இரண்டுதான், இன்றைய பொதுத் தமிழிலும் இரண்டுதான். ஆனால் நம் இலக்கணம் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்கிறது. ஈழத்துப் பேச்சில் இன்றும் ‘உது’ வழங்குகிறது. உங்கள் பக்கத்தில் இருக்கிறதே, அந்தப் பேனா என்று நாம் சுற்றிச் சொல்வதை ‘உது’ ஒரே சொல்லில் சொல்லிவிடும், ‘ஏஸே’யும் அப்படியே. ‘உது’ வழங்கும் வீட்டில் பிறந்தவர்கள் இந்தப் பாடத்தை ஒரு நொடியில் தாண்டிவிடுவார்கள். மற்றவர்கள் மேசையின் இரு பக்கமும் இருவர் உட்கார்ந்து பேனாவைத் தள்ளித் தள்ளி விளையாட வேண்டியதுதான்.

நாட்டுக்கு நாடு சொல் மாறுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கரும்பலகை ஸ்பெயினில் ‘பிஸார்ரா’, மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ‘பிஸார்ரோன்’, கொலம்பியாவில் ‘தப்லேரோ’. கணினி ஸ்பெயினில் ‘ஓர்தெனதோர்’, இலத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ‘கொம்புத்தாதோரா’, பால்கூட மாறிவிடுகிறது. பேனா படும் பாடு சொல்லி முடியாது: ஸ்பெயினில் ‘போலீக்ராஃபோ’, மெக்ஸிகோவில் ‘ப்ளூமா’, அர்ஜென்டினாவில் ‘பிரோமே’, பெருவில் ‘லாப்பிஸேரோ’. உங்கள் ஆசிரியர் எந்த நாட்டுச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒன்றாகப் படித்தால் தேவையான நேரத்தில் நான்கும் வராது. ‘மேஸா’, ‘ஸீயா’, ‘புவெர்த்தா’, ‘லீப்ரோ’ போன்ற அடிப்படைச் சொற்கள் எங்கும் செல்லும்; இடச்சொற்களும் பெரும்பாலும் அப்படியே.

தேர்வு எழுதும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. 1991இல் ஸ்பெயின் அரசு தொடங்கிய செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் ‘தெலே’ என்ற ஸ்பானிய மொழித் தேர்வில், தொடக்க நிலைகளில் இரண்டாவதான ஏ2 நிலையின் வாய்மொழிப் பகுதியில் ஒரு புகைப்படத்தை விவரிக்கச் சொல்வார்கள். அங்கே இந்தப் பாடம் அப்படியே கைகொடுக்கும். நான் பழகிக்கொண்ட வரிசை இது: முதலில் படம் எந்த இடம் என்று ‘எஸ்’ வைத்து ஒரு வாக்கியம். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில், பின்னணியில் என்று இடத்தை முன்னால் போட்டு ‘ஆய்’ வாக்கியங்கள். அவற்றில் அறிமுகமான இரண்டு மூன்று பொருள்களை எடுத்து ‘எஸ்தா’ வைத்து ஒன்றுக்கொன்று எங்கே என்று சொல்வது. நிறமும் அளவும் கடைசியில். வரிசை கையில் இருந்தால், ஒரு சொல் மறந்துபோனாலும் அடுத்த பொருளுக்குத் தாவிவிடலாம். அமைதியாக நின்றுவிட நேராது.

படத்தில் ஆள்கள் இருந்தால் அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். அதற்கும் புதிதாக வேறு வினை தேட வேண்டியதில்லை. ஆசிரியை பலகையின் முன்னால் இருக்கிறார்: ‘லா ப்ரொஃபெஸோரா எஸ்தா தெலான்த்தே தே லா பிஸார்ரா.’ ஆசிரியை எழுதிக்கொண்டு இருக்கிறார்: ‘லா ப்ரொஃபெஸோரா எஸ்தா எஸ்க்ரிபியெந்தோ.’ தமிழில் அதே ‘இரு’, அங்கே அதே ‘எஸ்தா’.